பிரஷர் வாஷர் கன் ஒழுகுகிறது: நாலு வருட அனுபவம்

"மாமா, நீங்க வெச்சிருக்கிற அதே பிரஷர் வாஷர் 2,000 ரூபாய் குறைஞ்சிருக்கு. வாங்கிடட்டுமா?" என்று மடிப்பாக்கத்திலிருந்து மச்சினன் போன் செய்தான். அவன் கேட்ட நேரத்தில், தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவும் என் மிஷினின் கன், அதாவது டிரிகர் வைத்த கைப்பிடி, பழைய பேப்பர் மேல் நாலு துண்டாகக் கிடந்தது. சட்டென்று பதில் சொல்ல வாய் வரவில்லை.

மிஷினைக் குறை சொல்ல மனசே வராது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் வடிந்த பிறகு, வேளச்சேரியில் எங்கள் தெரு முழுக்கச் சேறு. காய்ந்துவிட்டால் துடைப்பம், பிரஷ் எதற்கும் அசையாது. கரன்ட் வந்து, ஒயரிங்கைச் சரிபார்த்த பிறகு இதைப் போட்டேன். எங்கள் போர்ட்டிகோ, படிக்கட்டு, பக்கத்து இரண்டு வீட்டு வாசல் எல்லாவற்றையும் ஒரே நாளில் கழுவினோம். கீழ்வீட்டுப் பாட்டி தன் வாசல் மொசைக் மறுபடி தெரிந்ததைப் பார்த்துவிட்டுக் கோலப்பொடி எடுக்க உள்ளே போனார். அது ஒன்றுக்கே கொடுத்த காசு தகும்.

ஆனால் இந்த கன்!

முதல் வருடம் ஹோஸ் மாட்டும் இடத்தில் கசிந்தது. பிளம்பர் டெஃப்லான் டேப் சுற்றிவிட்டுப் போனார். கசிவு அப்படியே இருந்தது. அந்த இடத்தில் தண்ணீரைத் தடுப்பது மரை இல்லை, உள்ளே இருக்கும் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம்தான். கழற்றிப் பார்த்தால் ரிங் நசுங்கித் தட்டையாகியிருந்தது. மாற்றினேன், நின்றது.

இரண்டாவது முறை கைப்பிடியிலேயே தண்ணீர் வந்தது. சர்வீஸ் சென்டரில் "உள் வால்வு தனியா வராது சார், முழு கன்தான்" என்று 1,850 ரூபாய் சொன்னார்கள். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆன்லைனில் பாதி விலைக்கு வேறு கன் வாங்கினேன். மரை அழகாக ஏறியது, அப்புறமும் பீய்ச்சியது. எம் 22 (22 மி.மீ. மரை) என்று விற்கும் இணைப்பில் உள்ளே நுழையும் முனை 14 மி.மீ. என்று ஒன்று, 15 மி.மீ. என்று இன்னொன்று இருக்கிறது. வெளி மரை இரண்டுக்கும் ஒன்றே, அதனால் தப்பானதும் முறுக்கினால் ஏறிவிடும். ஆனால் சீல் ஆகாது. ஸ்கேல் வைத்து அளந்த பிறகுதான் இது தெரிந்தது. அந்த கன்னைத் திருப்பி அனுப்பிவிட்டு, பழையதையே திறந்து உள்ளே இருந்த ரிங்குகளை மாற்றினேன்.

இந்த முறை டிரிகரை விட்ட பிறகும் நுனியில் சொட்டிக்கொண்டே இருந்தது. சொட்டு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம். டிரிகரை விட்டால் தானாக நிற்கும் மிஷின் இது. கன் கசிந்தால் ஹோஸில் பிரஷர் இறங்கும், உடனே மோட்டார் உறுமி ஏற்றிவிட்டு நிற்கும், பத்து விநாடியில் மறுபடி உறுமும். மோட்டாரும் சுவிட்சும் தேய்வதற்கு இதைவிட வேறு வழி வேண்டாம்.

கசிவு எங்கே என்று விரலை வைத்துத் தேடவே தேடாதீர்கள். இந்த பிரஷரில் ஊசி மாதிரி வரும் நீர் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, டிரிகரை அழுத்தி பிரஷரை விட்ட பிறகுதான் நான் ஸ்க்ரூக்களைக் கழற்றினேன். நுனியில் சொட்டினால் உள்ளே வால்வு சரியாக உட்காரவில்லை. கைப்பிடியில் ஒழுகினால் டிரிகர் தள்ளும் ஊசியைச் சுற்றியுள்ள ரிங் போயிருக்கிறது. என்னுடையதில் வால்வு உட்காரும் இடத்தில் வெள்ளையாக உப்பு படிந்திருந்தது. எல்லாம் எங்கள் போர் தண்ணீர் செய்த வேலை. பித்தளைப் பாகங்களை அரை மணி நேரம் எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) கரைசலில் போட்டு, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்தேன். பழைய ரிங்கைப் பாரிமுனையில் ஓ-ரிங் கடைக்கு எடுத்துப்போய் அதே அளவில் வாங்கினேன். நாலு ரிங், மொத்தம் 20 ரூபாய். சிலிக்கான் கிரீஸ் தடவி மாட்டினேன். இப்போது ஒரு சொட்டுகூட இல்லை.

20 ரூபாய் ரிங்குக்கு 1,850 ரூபாய் கேட்டதை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதனால் மச்சினனிடம் வாங்க வேண்டாம் என்றே சொல்லிவிட்டேன். அவன் வீட்டு மாடியில் பாசி பிடித்திருக்கிறதாம். ஞாயிற்றுக்கிழமை வந்து என் மிஷினை எடுத்துப் போகச் சொல்லியிருக்கிறேன். மெட்ரோ வாட்டர் தொட்டியிலிருந்து போடு, வேலை முடிந்ததும் டிரிகரை அழுத்தி பிரஷரை விட்டுவிட்டு வை என்று இரண்டு தடவை சொல்லியாயிற்று.