பிரிஸ்பேனில் வீடு: சில கோடைகள் வாழ்ந்த பிறகு தெரியவருபவை

லண்டன், டொரொண்டோ, சூரிச் போன்ற குளிர் ஊர்களிலிருந்து ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனுக்குக் குடிபெயர்ந்து வருபவர்கள் வீடு பார்க்கப் போனால் முதலில் கேட்பது எத்தனை படுக்கையறை என்று. அடுத்தது வாசல் எந்தத் திசை என்று. நாலைந்து கோடை அந்த வீட்டில் வாழ்ந்து பார்த்தவர்களைக் கேட்டால் அவர்கள் பேசுவது வேறு: மழைத் தண்ணீர் எந்த வழியாக ஓடுகிறது, பிற்பகல் வெயில் எந்தச் சுவரில் அடிக்கிறது, வீட்டு மரத்துக்கும் மண்ணுக்கும் நடுவில் என்ன இருக்கிறது. வீட்டைத் திறந்து காட்டுவதோ சனிக்கிழமை காலையில், பெரும்பாலும் அரைமணி நேரம். அந்த நேரத்தில் எல்லா வீடும் நல்ல வீடுதான். பிடித்துப்போன வீட்டை இன்னொரு முறை, மாலை மூன்றரை நான்கு மணிக்குக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். முகவர் முணுமுணுத்தாலும் காட்டுவார்.

வீடு தேடத் தொடங்குமுன் விசா நிலையைப் பார்த்துவிட வேண்டும். 2025 ஏப்ரல் 1 முதல் தற்காலிக விசாக்காரர்கள் உள்ளிட்ட வெளிநாட்டவர் ஏற்கெனவே கட்டிக் குடியிருந்த வீடுகளை வாங்க ஆஸ்திரேலிய அரசு தடை போட்டது. 2027 மார்ச் 31 வரை என்று அறிவித்தார்கள். நிரந்தர வதிவிட உரிமை உள்ளவர்களுக்கு இந்தத் தடை இல்லை. தடைக்குள் வராத புது வீட்டை வெளிநாட்டவராக வாங்கினாலும் பிரிஸ்பேன் இருக்கும் குயின்ஸ்லாந்து மாநிலம் வழக்கமான பத்திர வரிக்கு மேல் 8 சதவீதம் கேட்கும். 8 லட்சம் டாலர் வீட்டுக்கு அது மட்டும் 64,000. நிரந்தர உரிமையோடு, தானே குடியிருக்க வாங்கினால் சலுகை கழித்து அதே வீட்டுக்கு மொத்த வரி 21,850தான். விசா கைக்கு வரும்வரை வாடகைக்கு இருந்துவிடுவது எவ்வளவு மலிவு என்று இதிலேயே தெரியும். விலை குறைந்த வீட்டுக்கும் புது வீட்டுக்கும் முதல் வீட்டுச் சலுகை இதைவிடப் பெரியது. ஆனால் உலகில் எங்கேயும் சொந்த வீடு இருந்திருக்கக் கூடாது. லண்டனில் விற்ற ஃபிளாட்டும் கணக்கு, யாழ்ப்பாணத்திலோ திருச்சியிலோ உங்கள் பேரில் எழுதிவைத்த வீட்டில் ஒரு பங்கும் கணக்கு. பலர் இதை வக்கீல் சொல்லித்தான் அறிகிறார்கள், அதுவும் கையெழுத்துப் போட்ட பிறகு.

தண்ணீர்

"2011இல் இங்கே தண்ணீர் வரவில்லை" என்பது இந்த ஊரில் அடிக்கடி காதில் விழும் வாக்கியம். உண்மையாகவும் இருக்கலாம், ஆனால் போதாது. நகர அளவுகோலில் பிரிஸ்பேன் ஆறு 1974இல் 5.45 மீட்டரும், 2011 ஜனவரியில் 4.46 மீட்டரும், 2022 பிப்ரவரியில் 3.85 மீட்டரும் ஏறியது. எண்ணைப் பார்த்தால் 2022 சின்ன வெள்ளம். ஆனால் அந்த முறை ஊருக்கு மேலேயே நாள்கணக்கில் மழை கொட்டியதால் சிற்றோடைகள் பெருகின, தெருக்களிலேயே தண்ணீர் ஓடியது. 2011இல் நனையாத வீடுகள் சில அந்த முறை மூழ்கின. ஆற்றங்கரையிலிருந்து தூரமாக இருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்பதில் அர்த்தமில்லை.

மாநகராட்சி இணையத்தளத்தில் முகவரியைத் தட்டினால் 'ஃபிளட்வைஸ்' அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். வண்ண வரைபடத்தைப் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள், எண்களைப் படியுங்கள். மனையின் மிகத் தாழ்ந்த மட்டம், ஆண்டுக்கு 1 சதவீத வாய்ப்புள்ள வெள்ளத்தின் மட்டம், வீட்டுத் தளத்தின் மட்டம் மூன்றையும் ஒப்பிட வேண்டும். மனை 6.2 மீட்டர், வெள்ளம் 6.8, கால்களின்மேல் தூக்கிக் கட்டிய மரவீட்டின் தளம் 8.6 என்று வைத்துக்கொள்வோம். மேலே குடும்பம் பத்திரம். கீழே கார் நிற்கும் இடத்தில் 60 சென்டிமீட்டர் தண்ணீர். அதே மனையில் தரையோடு தளம் போட்ட செங்கல் வீடு இருந்தால் வரவேற்பறையிலேயே முழங்காலுக்கு மேல். அறிக்கையில் 'தரைவழி ஓட்டம்', அதாவது மழைத் தண்ணீர் நிலத்தின்மேல் ஓடும் வழி, என்று தனியாக ஒரு வரி இருக்கும். ஆற்று வெள்ளம் வராத மேட்டு மனைகளிலும் அது வரும். இப்ஸ்விச், லோகன், மோர்டன் பே பக்கம் தேடினால் அந்தந்த நகராட்சியின் வரைபடத்தைப் பார்க்க வேண்டும்.

பிறகு வீட்டுக்கு அடியில் குனிந்து பாருங்கள். தூண்களில் ஒரே உயரத்தில் மங்கலான வண்டல் கோடு, சுவரின் கீழ்ப்பாதியில் மட்டும் புதுப் பலகை, ஆள் உயரத்துக்கு மேலே ஏற்றி வைத்த மின்பெட்டி: இவை ஒன்றாகச் சேர்ந்து வந்தால் வேறு சாட்சி வேண்டாம். 2025 ஆகஸ்ட் 1 முதல் விற்பவர் சட்டப்படி ஒரு தகவல் படிவம் தரவேண்டும். ஆனால் வெள்ள வரலாறு, கட்டடத்தின் உறுதி, கறையான் எதுவும் அந்தப் படிவத்தில் கட்டாயமில்லை. அதைக் கையில் வாங்கியதும் எல்லாம் தெரிந்துவிட்டதாக எண்ணுவது ஆபத்து.

வெயில்

பூமத்திய ரேகைக்குத் தெற்கே நண்பகல் சூரியன் வடக்கு வானத்தில் போகும். பிரிஸ்பேனில் ஜூன் மாத நண்பகலில் அது அடிவானத்திலிருந்து 39 பாகை உயரத்தில்தான் இருக்கும். டிசம்பரில் ஏறக்குறைய தலைக்கு நேர் மேலே. அதனால் வடக்குச் சுவருக்கு 60 சென்டிமீட்டர் தாழ்வாரம் இருந்தால் போதும், கோடை நண்பகல் வெயில் உள்ளே வராது, குளிர்கால வெயில் அறைக்குள் ஆழமாக விழும். மேற்குச் சுவருக்கு எந்தத் தாழ்வாரமும் உதவாது, வெயில் படுக்கைவாட்டில் அடிக்கும். கூடமும் அடுப்படியும் வடக்கிலோ வடகிழக்கிலோ இருந்து, கார் கொட்டகை, துணி துவைக்கும் அறை, குளியலறை மேற்கில் இருந்தால் அந்த வீட்டை விட்டுவிடாதீர்கள். கோடைப் பிற்பகலில் கடற்காற்று வருவதும் வடகிழக்கிலிருந்துதான். அந்தப் பக்கம் திறக்கும் சன்னலும் எதிர்ச்சுவரில் இன்னொரு சன்னலும் இருந்தால் பல நாள் ஏசி போடவேண்டாம். கடலோர வின்னம், மேன்லி பக்கத்தைவிட இப்ஸ்விச், ஸ்பிரிங்ஃபீல்ட் பக்கம் பிற்பகல் வெப்பம் சில டிகிரி கூட இருக்கும் என்பதையும் விலையோடு சேர்த்துப் பாருங்கள்.

நம்மவர்கள் கிழக்கு வாசலைத் தேடுவது தெரிந்ததே. வாஸ்து அவரவர் விருப்பம். ஆனால் இந்த ஊர் வீடுகளில் குடும்பம் புழங்குவது பின்பக்கத்தில்: கூடம், சாப்பாட்டு மேசை, அடுப்படி, கூரை போட்ட முற்றம் எல்லாம் அங்கே. வாசல் கிழக்கென்றால் பின்பக்கம் மேற்கு. ஜனவரியில் பிள்ளைகள் வெளியே விளையாட வேண்டிய நேரத்தில் அந்த முற்றத்தில் கால் வைக்க முடியாது. தெருவைப் பார்த்த முன்னறை படுக்கையறையானால் இன்னொன்றும் உண்டு. குயின்ஸ்லாந்து கடிகாரத்தை முன்தள்ளுவதில்லை, டிசம்பரில் காலை ஐந்துக்கு முன்பே சூரியன் வந்துவிடும். தடித்த திரை இல்லாமல் தூங்க முடியாது. கிழக்கு வாசல் கட்டாயம் என்றால், கூடம் வடபக்கமாகத் திறக்கும் வீடாகத் தேடுங்கள். அகலமான மனைகளிலும் மூலை மனைகளிலும் கிடைக்கும்.

புதுக் குடியிருப்புகளில் கறுப்புக் கூரை நாகரிகமாகிவிட்டது. பார்க்க அழகு, வாழ வேதனை. கலர்பாண்ட் என்ற வண்ணக் கூரைத் தகடு வெளிர் நிறத்தில் இருப்பதே இந்த வெயிலுக்குச் சரி. உள்கூரைத் திறப்பைத் திறந்து கைவிளக்கு அடித்துப் பாருங்கள்: கண்ணாடிப்பஞ்சு ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் தடிமனில் இடைவெளியின்றிக் கிடக்க வேண்டும். மின்வேலை செய்தவர் ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போன இடங்களே அதிகம் கண்ணில் படும். அப்படியே குளியலறை விசிறியின் குழாய் எங்கே முடிகிறது என்றும் பாருங்கள். கூரைக்கு வெளியே போகாமல் உள்கூரையிலேயே காற்றை விட்டால், பிப்ரவரிப் புழுக்கத்தில் ஈரம் அங்கே தங்கி பூஞ்சணம் பிடிக்கும். அடுப்புக்கு மேலுள்ள புகையிழுப்பானையும் போட்டுப் பாருங்கள். பல வீடுகளில் அது காற்றை வடிகட்டி அறைக்குள்ளேயே திருப்பி விடும் வகை. தினம் தாளிக்கிற வீட்டுக்கு அது உதவாது.

வெப்ப நாடு என்று நம்பி வருபவர்கள் எதிர்பாராதது குளிர். ஜூலை இரவு சராசரி பத்து டிகிரி. உள்நாட்டுப் பக்கம் அதற்கும் கீழே. பெரும்பாலான வீடுகளில் இரட்டைக் கண்ணாடி இல்லை, வீடு முழுக்கச் சூடாக்கும் நடு வெப்பமூட்டி இல்லை. சூடும் தரும் ஏசி குறைந்தது கூடத்திலாவது வேண்டும்.

கறையான்

வழக்கமான வீட்டுக் காப்புறுதி கறையான் சேதத்துக்குப் பணம் தராது. அதனால் இதில் கஞ்சம் பிடிக்கக் கூடாது. கட்டடமும் கறையானும் சேர்த்த சோதனைக்கு 500 முதல் 800 டாலர்வரை ஆகும். சோதிப்பவரை முகவர் சொல்லி எடுக்காமல் நீங்களே தேடிக்கொள்ளுங்கள். அறிக்கையில் நல்லது கெட்டதைவிட முக்கியமான பகுதி 'பார்க்க இயலாத இடங்கள்'. சுவரோரம் அடுக்கிய பெட்டிகள், 40 சென்டிமீட்டருக்குக் குறைவான தரையடி இடம், பஞ்சு மூடிய கூரை மூலை என்று வரிசையாக இருக்கும். பெரிய செலவு ஒளிந்திருப்பதும் பெரும்பாலும் அங்கேதான். பொருட்களை அகற்றச் சொல்லி மறுபடி பார்க்கச் செய்யுங்கள்.

நீங்களே பார்க்கக்கூடியவையும் உண்டு. கான்கிரீட் தளத்தின் விளிம்பு சுற்றிலும் குறைந்தது 75 மில்லிமீட்டர் கண்ணுக்குத் தெரிய வேண்டும். கறையான் உள்ளே போக அந்த விளிம்பின்மேல் மண்பாதை கட்டியாக வேண்டும், தெரிந்தால்தானே பிடிக்கலாம்? விற்பனைக்கு அழகுபடுத்துகிறோம் என்று சுவரோடு மண் கொட்டி மரத்தூள் பரப்பிப் பூச்செடி வைத்திருப்பார்கள். அது கறையானுக்குத் திரை. ஏசியின் வடிநீரும் வெந்நீர்க் கலனின் கழிவுக்குழாயும் சுவரடியில் சொட்டிக்கொண்டிருந்தால் அந்த ஈரம் அதை அழைத்துவரும். மின்மானிப் பெட்டிக்குள் தடுப்பு முறை, போட்ட தேதி எழுதிய ஓர் ஒட்டுத்தாள் இருக்க வேண்டும். மருந்துத் தடுப்பென்றால் அதற்கு ஆயுள் உண்டு, உத்தரவாதம் செல்ல ஆண்டுதோறும் சோதனையும் வேண்டும். மரவீடுகளில் ஒவ்வொரு தூணின் தலையிலும் தகரத் தொப்பி இருக்கும். துருப்பிடித்து ஓட்டை விழுந்திருக்கிறதா என்று கைவிளக்கோடு ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

பழைய மரவீட்டின் கீழ்த்தளத்தை அடைத்து 'பல்பயன் அறை' என்று விற்பார்கள். உயரத்தை அளவுநாடாவால் அளந்து பாருங்கள்: 2.4 மீட்டர் இல்லையென்றால் சட்டப்படி அது படுக்கையறை அல்ல, அதற்கு அறை விலை கொடுக்க வேண்டியதில்லை. 1990க்கு முன் கட்டிய வீடுகளில் தாழ்வார அடிப்பலகை, குளியலறைச் சுவர் முதலியவற்றில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்க வாய்ப்பு அதிகம். சும்மா கிடக்கும்வரை பெரிய தொல்லையில்லை. துளைபோடவோ இடிக்கவோ நினைத்தால் செலவு ஏறும். நீச்சல்குளம் பற்றி ஒரே வார்த்தை: பிள்ளைகள் தினமும் இறங்குவார்கள் என்றால் மட்டும்.

கையெழுத்துக்குப் பிறகு

வழக்கமான ஒப்பந்தப் படிவத்தின்படி, ஒப்பந்தத் தேதிக்கு அடுத்த வேலைநாள் மாலை 5 மணியிலிருந்து வீட்டின் ஆபத்து வாங்குபவர் தலையில். சாவி வர இன்னும் ஒரு மாதம் இருக்கலாம். காப்புறுதி அன்றே வேண்டும். எனவே வெள்ளக் காப்போடு எவ்வளவு கட்டணம் என்று கையெழுத்துக்கு முன்பே கேட்டு வையுங்கள். அந்தத் தொகை பல ஆயிரம் டாலர் என்று வந்தால் வரைபடம் சொல்லாததைக் காப்புறுதிக்காரர் சொல்லிவிட்டார். வாங்கும் மனம் மாறினால் 5 வேலைநாளுக்குள் விலகலாம். விற்பவர் விலையில் 0.25 சதவீதம், அதாவது 8 லட்சத்துக்கு 2,000 டாலர்வரை, பிடித்துக்கொள்ளலாம். ஏலத்தில் எடுத்த வீட்டுக்கு இந்த வசதி கிடையாது. கடன், கட்டடம், கறையான் மூன்றுக்கும் நிபந்தனை எழுதி, கெடு நாளை வக்கீலிடம் உறுதிசெய்யுங்கள். அந்த நாள் மாலை 5 மணி தாண்டினால் உரிமை உங்கள் கையைவிட்டுப் போகலாம்.

சாவி வாங்குமுன் கடைசியாக ஒருமுறை உள்ளே போகலாம். எல்லா ஏசியையும் போட்டு, வெந்நீரைத் திறந்து, புகை எச்சரிக்கைக் கருவி ஒன்றின் பொத்தானை அழுத்துங்கள். 2022 முதல் விற்கும் வீட்டில் ஒன்று அலறினால் எல்லாம் சேர்ந்து அலற வேண்டும். அப்படி இல்லையென்றால் ஒப்பந்தப்படி விலையில் 0.15 சதவீதம் கழித்துக்கொள்ளக் கேட்கலாம். அதை வக்கீல் மூலம், சாவி கைமாறுவதற்கு முன்பே கேட்டுவிட வேண்டும்.