ஒரே பனி, இரண்டு வழி: பிராங்ளினும் ஜான் ரேயும்

துருவப் பயணம் என்றாலே, தென்துருவத்தை முதலில் எட்டப் போட்டியிட்ட ஸ்காட்டையும் அமுண்ட்சனையும்தான் எதிரெதிரே நிறுத்துவார்கள். அந்த ஒப்பீட்டில் எனக்கு ஒரு குறை உண்டு. தென்துருவத்தில் வழி கேட்க ஒரு ஊர்க்காரர்கூடக் கிடையாது. கேட்க ஆள் இருந்தும் கேட்காதவர், கேட்டு நடந்தவர் என்று பார்க்கவேண்டுமானால் கனடாவின் வட ஓரத்துக்குப் போகவேண்டும்.

1845-ல் பிரிட்டிஷ் கடற்படையின் ஜான் பிராங்ளின் எரிபஸ், டெரர் என்ற இரண்டு கப்பல்களில், அவரோடு சேர்த்து 129 பேராக, வடமேற்குக் கடல்வழியைத் தேடிப் போனார். கனடாவின் வட ஓரமாக அட்லாண்டிக்கிலிருந்து பசிபிக்குக்குப் போகும் வழி அது. மூன்று வருடத்துக்கான டின் உணவு, பெரிய நூலகம், வெள்ளிக் கரண்டி எல்லாம் கப்பலில் இருந்தன. அடுத்த ஆண்டே அதே வட்டாரத்தில் இறங்கியவர் ஜான் ரே. ஆர்க்னி தீவுக்காரர், கனடாவில் ரோமத்தோல் வியாபாரம் செய்த ஹட்சன் பே கம்பெனியின் மருத்துவர். கூட வந்தது பத்துப் பன்னிரண்டு பேர். சாப்பாட்டில் பெரும்பகுதி துப்பாக்கியிலிருந்தும் தூண்டிலிலிருந்தும்தான் வரவேண்டும்.

முதலில் உறைவிடம். ரே எடுத்த எடுப்பிலேயே எல்லாம் தெரிந்தவர் இல்லை. 1846 குளிர்காலத்தை ரிபல்ஸ் பேயில் கல் வீடு கட்டிக் கழித்தார், உள்ளே நடுங்கினார்கள். அந்தப் பனிப்பகுதியின் பூர்வகுடிகளான இனுயிட் மக்களிடம் பனி வீடு கட்டக் கற்றுக்கொண்டு, 1853-ல் அதே இடத்துக்கு வந்தபோது குளிர்காலம் முழுக்கப் பனி வீட்டிலேயே இருந்தார். அந்தக் குளிர்காலம் நிம்மதியாகக் கழிந்தது. இதில் ஒரு கணக்கும் இருக்கிறது. கூடாரத்தைச் சுமக்கவேண்டும், மூச்சுக்காற்று துணியில் உறைந்து நாளுக்கு நாள் கனம் ஏறும். பனி வீட்டுக்குச் சுமையே இல்லை. காற்று இறுக்கிய பனி எது என்று பார்த்துக் கட்டியாக அறுக்கும் கண் இருந்தால் போதும். திரும்பி வரும்போது அதே வீட்டில் படுத்துக்கொள்ளலாம்.

அடுத்தது இழுவை. இங்கேதான் கடற்படை வழி முழுசாகத் தோற்றது. கிங் வில்லியம் தீவுக்கு அருகே பனியில் சிக்கிய கப்பல்களை 1848 ஏப்ரலில் 105 பேர் கைவிட்டு, படகுகளைச் சறுக்கு வண்டிகளில் ஏற்றி இழுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். பிராங்ளின் அதற்கு முன்பே இறந்துவிட்டார். 1859-ல் அந்தத் தீவில் அப்படி ஒரு படகு கிடைத்தது. நீளம் 28 அடி. வண்டியும் படகும் மட்டும் 600 கிலோவுக்கு மேல். உள்ளே இரண்டு எலும்புக்கூடுகள், பட்டுக் கைக்குட்டை, சோப்பு, பல் துலக்கும் பிரஷ், செருப்பு, புத்தகங்கள், வெள்ளிக் கரண்டிகள், கொஞ்சம் டீ, ஏறக்குறைய 18 கிலோ சாக்லேட். பட்டினியில் நடந்தவர்கள் இழுத்த சுமை இது!

அதே தீவைச் சுற்றி வாழ்ந்த நெட்சிலிக் இனுயிட் மக்கள், மரக்கட்டை கிடைக்காத இடத்தில் உறைந்த மீனை ஈரத்தோலில் சுருட்டியே வண்டிக்குச் சட்டம் செய்தார்கள். பனி உருகும் காலம் வந்தால் வண்டியைச் சாப்பிட்டுவிடலாம்.

உடையைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கம்பளி வியர்வையைக் குடித்து உறையும். கரிபு மான்தோலில் இரண்டு அடுக்கு, உள்ளே ரோமம் உடம்பைப் பார்க்க, வெளியே ரோமம் காற்றைப் பார்க்க, தொளதொளவென்று போட்டால் வியர்வை வெளியேறிவிடும்.

உணவில் மட்டும் நான் பிராங்ளினுக்காகக் கொஞ்சம் வாதாடுவேன். பச்சை சீல் இறைச்சியும் திமிங்கலத் தோலும், வைட்டமின் சி குறைவால் வரும் ஸ்கர்வி நோயைத் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் கிங் வில்லியம் தீவின் வடமேற்குக் கரையில் வேட்டை குறைவு. நெட்சிலிக் மக்களே அந்தப் பக்கம் அதிகம் போகமாட்டார்கள். அங்கே 105 பேர் திடீரென்று வந்து நின்றால் எந்த அறிவாலும் சோறு போட முடியாது. இனுயிட் வழி சிறு குழுக்களுக்கானது. அந்த வகையில் பிராங்ளின் குழுவின் முடிவு, 129 பேரைக் கப்பலேற்றிய அன்றே பாதி எழுதப்பட்டுவிட்டது என்பேன்.

சரி, கடைசியாக ஒரு ஒப்பீடு: யார் பேச்சை நம்புவது? 1854-ல் இனூக்பூஜீஜூக் என்ற இனுயிட் ரேயிடம் சொன்னார்: நாற்பது வெள்ளையர்கள் படகு இழுத்துப் போனார்கள், பட்டினியில் செத்தார்கள், கடைசியில் பிணத்தையும் தின்றார்கள். அவரும் பிறர் சொல்லிக் கேட்டதுதான். ரே அதை அப்படியே கடற்படைக்கு எழுதினார். லண்டன் கொதித்தது. சார்லஸ் டிக்கன்ஸ் தன் வாரப் பத்திரிகையில் இனுயிட் மக்களைக் காட்டுமிராண்டிகள் என்று சாடினார். ரேயின் மறுப்பையும் வெளியிட்டார், அதுவரை நியாயம். பிராங்ளின் குழுவின் கதியைக் கண்டறிந்ததற்காக ரேக்கும் அவர் ஆட்களுக்கும் 10,000 பவுண்ட் பரிசு கிடைத்தது. சர் பட்டம் கிடைக்கவில்லை. 1997-ல் வெளியான எலும்பு ஆய்வு கத்தி வெட்டுகளைக் காட்டியது. 2024-ல் அப்படி வெட்டுப்பட்ட ஒரு தாடை எரிபஸ் கப்பலின் கேப்டன் பிட்ஸ்ஜேம்ஸுடையது என்று டிஎன்ஏ மூலம் தெரிந்தது.

அதே 1854 பயணத்தில்தான் தீவின் கிழக்கே ஒரு நீரிணை இருப்பதை ரே கண்டார். 1903-ல் அமுண்ட்சன் தன் சின்ன யோவா கப்பலை அந்த வழியாக விட்டு, நெட்சிலிக் மக்களோடு இரண்டு குளிர்காலம் தங்கி, உடையும் நாய் வண்டியும் பழகினார். அந்த இடம்தான் இன்றைய யோவா ஹேவன்.

அவ்வூர்க்காரர் சாமி கோக்விக், கடல் பனிக்கு மேல் ஒரு கம்பம் நீட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துப் படமும் எடுத்தார். கேமரா தொலைந்தது. கெட்ட சகுனம் என்று வருடக்கணக்கில் வாயே திறக்கவில்லை. 2016-ல் தேடல் கப்பலில் இருந்தவர்களிடம் சொன்னார். அவர்கள் திட்டத்தை ஒதுக்கிவைத்து அவர் காட்டிய விரிகுடாவுக்குத் திரும்பினார்கள். டெரர் அங்கேதான், கிட்டத்தட்ட முழுசாக, 24 மீட்டர் ஆழத்தில் இருந்தது.