ரூகர் 10/22: மேகசினுக்காக வாங்கலாம், போல்ட் லாக்குக்காகத் திட்டலாம்

டல்லாஸ் பக்கம் இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் கேட்டார். "அண்ணா, க்ரீன் கார்டு வந்துடுச்சு. சனிக்கிழமையானா ரேஞ்சுக்குப் போய்ச் சுடலாம்னு இருக்கேன். செமி ஆட்டோல எந்த பிராண்ட் வாங்கலாம்?" செமி ஆட்டோ என்றால் ஒவ்வொரு முறை விசையை அழுத்தும்போதும் ஒரு தோட்டாவைச் சுட்டு, அடுத்ததைத் தானே ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. ரூகர் கம்பெனியின் 10/22 ரைஃபிள் என்று உடனே சொல்லிவிட்டேன். சொன்ன பிறகு மனசு கேட்கவில்லை. பல வருடமாக வைத்திருக்கும் துப்பாக்கி, நிறையப் பிடித்த துப்பாக்கி. ஆனால் அதில் ஒரு சின்ன இரும்புத் துண்டு ஒவ்வொரு முறையும் என் பொறுமையைச் சோதிக்கிறது. அதைச் சொல்லாமல் இன்னொருவரை வாங்க வைப்பது நியாயமில்லை.

முதலில் பிடித்தது. 10/22 வந்தது 1964-ல். அப்போதிருந்து இன்று வரை அதன் உயிர் அந்தப் பத்துத் தோட்டா மேகசினில், அதாவது கழற்றி மாட்டும் தோட்டாப் பெட்டியில்தான் இருக்கிறது. இது சுடும் சின்னப் பாயின்ட் டூ டூ (.22) தோட்டாவின் அடியில் விளிம்பு வெளியே துருத்திக்கொண்டு நிற்கும். சாதாரணப் பெட்டி மேகசினில் தோட்டாக்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும்போது, மேல் தோட்டாவின் விளிம்பு கீழ்த் தோட்டாவின் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டிக்கொண்டால் அங்கேயே நின்றுவிடும். ரூகர் மேகசினுக்குள் ஒரு சுழலும் சக்கரம் இருக்கிறது. ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதில் தனிப் பள்ளம். ஒன்றின் விளிம்பு இன்னொன்றைத் தொடவே தொடாது. தோட்டா வெளியே வரும் வாய்ப்பகுதி எஃகு. அதனால் வருடக்கணக்கில் கீழே போட்டு, மண்ணில் விழுந்து, துடைத்து மறுபடி போட்டாலும் அது பாட்டுக்கு ஊட்டிக்கொண்டே இருக்கிறது.

வாங்கும்போது நான் எதிர்பார்க்காத சுகம் வேறொன்று. இந்த மேகசின் கட்டைக்கு வெளியே துருத்தாது, அடிப்பாகத்தோடு சமமாக உள்ளே போய் உட்கார்ந்துவிடும். துப்பாக்கியை ஒரு கையில் தூக்கினால் விரல்கள் தானாகப் போய்ப் பிடிக்கும் இடம் அதுதான். அங்கே எதுவும் இடிக்காது. குப்புறப் படுத்துச் சுடும்போது நீள மேகசின் தரையில் முட்டும். இதில் அந்தத் தொல்லையே கிடையாது. 2011-ல் இருபத்தைந்து தோட்டா பிடிக்கும் பிஎக்ஸ்-25 வந்தது. பார்க்க வீரமாக இருக்கும். எனக்குப் பத்தே போதும். கலிஃபோர்னியா, வாஷிங்டன் போன்ற மாநிலங்களில் பத்துக்கு மேல் பிடிக்கும் மேகசினை விற்கவே கூடாது என்பதையும் அங்கே இருப்பவர்கள் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளில் பிராண்ட் தேர்வு என்று நாம் பேசுவதில் முக்கால்வாசி மேகசின் தேர்வுதான் என்பது என் கருத்து. குழல் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், பத்தில் இரண்டு தோட்டா குறுக்கே நின்றால் அன்றைய சந்தோஷம் போச்சு.

சரி, இனி எரிச்சலுக்கு வருகிறேன்.

போல்ட் என்பது முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டா அறையை மூடித் திறக்கும் இரும்புத் துண்டு. கடைசித் தோட்டா சுட்ட பிறகு இதன் போல்ட் பின்னால் நிற்காது. காலியான அறைமேல் மூடிக்கொண்டுவிடும். அடுத்த முறை விசையை அழுத்தினால் ‘டிக்’. அப்போதுதான் தீர்ந்துவிட்டது என்று தெரியும். இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். போல்ட்டைக் கையால் திறந்து நிறுத்துவதுதான் பெரிய பாடு. வலது கையால் கைப்பிடியைப் பின்னால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, விசைக்காப்புக்கு முன்னால் இருக்கும் ஒரு சின்ன லீவரை இன்னொரு விரலால் சரியான திசையில் தள்ள வேண்டும். பூட்டியதா இல்லையா என்று கையை மெதுவாக விட்டுப் பார்க்க வேண்டும். திரும்ப விடுவிக்க, மறுபடி இழுத்து, மறுபடி அதே லீவரைத் தேடி அழுத்த வேண்டும். குளிர்காலத்தில் கையுறையோடு இதைச் செய்து பாருங்கள், தெரியும்.

வீட்டில் உட்கார்ந்து படித்தால் இது அற்ப விஷயமாகத் தோன்றும். ரேஞ்சில் அப்படி இல்லை. ‘சீஸ் ஃபயர்’ (சுடுவதை நிறுத்து) என்று குரல் கேட்டதும் எல்லாரும் மேகசினைக் கழற்றி, போல்ட்டைத் திறந்து, அறைக்குள் ஒரு பிளாஸ்டிக் கொடியைச் செருகிவிட்டு எட்ட நிற்க வேண்டும். அதன்பிறகுதான் டார்கெட் மாற்ற ஆள் முன்னால் போகும். பக்கத்து மேசைக்காரர்கள் எல்லாரும் ஒதுங்கி நிற்க, 10/22 வைத்திருக்கும் புதியவர் மட்டும் லீவரோடு போராடிக்கொண்டிருப்பதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அவசரத்தில் துப்பாக்கியைச் சாய்ப்பார், திருப்புவார். குழலின் வாய் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதில் இருக்க வேண்டிய கவனம் லீவருக்குப் போய்விடும். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். புதிதாகக் கற்பவருக்கு உலகமே பரிந்துரைக்கும் துப்பாக்கி, கற்பவருக்கு மிக முக்கியமான ஒரு செயலை இவ்வளவு கடினமாக வைத்திருக்கலாமா?

ப்ராஜெக்ட் ஆப்பிள்சீட் என்று நாடு முழுக்க நடக்கும் பயிற்சி முகாம்கள் இருக்கின்றன. 25 மீட்டர் தூரத்தில் சின்னச் சின்னக் குறிகளைச் சுடச் சொல்லித்தருவார்கள். தேர்வில் 250-க்கு 210 எடுத்தால் ‘ரைஃபிள்மேன்’ பட்டை. அங்கே வருபவர்களில் பலர் கையில் 10/22-தான் இருக்கும். நேரம் குறித்த சுற்றில் நடுவே மேகசின் மாற்ற வேண்டியிருக்கும். போல்ட் திறந்து நிற்கும் துப்பாக்கி வைத்திருப்பவருக்குக் கண்ணே சொல்லிவிடும். 10/22-காரர் எண்ணிக்கொண்டே சுட வேண்டும், இல்லையென்றால் ‘டிக்’ வரும்வரை காத்திருக்க வேண்டும்.

இதற்குத் தீர்வு உண்டு. ‘ஆட்டோ போல்ட் ரிலீஸ்’ என்று ஒரு சின்னத் தகடு வெளிச்சந்தையில் மலிவாகவே கிடைக்கிறது. அதைப் போட்டால், திறந்து நிற்கும் போல்ட்டைக் கொஞ்சம் இழுத்து விட்டாலே முன்னால் போய்விடும். லீவரைத் தேட வேண்டாம். ஆனால் அது மூடுவதற்கு மட்டும்தான். திறந்து நிறுத்தும் பாடு அப்படியே இருக்கும், கடைசித் தோட்டாவுக்குப் பிறகு தானாக நிற்கவும் நிற்காது. என்னுடையதில் மாற்றிக்கொடுத்த உள்ளூர் கடை, தகட்டின் விலையைப்போலப் பல மடங்கு கூலி வாங்கியது. அந்த வயிற்றெரிச்சலும் இதில் சேர்ந்திருக்கிறது என்பதை மறைக்கவில்லை.

மற்றபடி குறை சொல்ல அதிகம் இல்லை. விசை கொஞ்சம் கனம், இரண்டு பின்களைத் தட்டி எடுத்துவிட்டு ரூகரின் பிஎக்ஸ் ட்ரிக்கரைப் போட்டால் ஏறக்குறைய 2.75 பவுண்டுக்கு இறங்கிவிடும். குழல் இரண்டு திருகில் நிற்கிறது, வீட்டிலேயே கழற்றலாம். வழக்கமான மாடல்களில் ரிசீவரின், அதாவது போல்ட் ஓடும் உடற்பகுதியின் பின்பக்கம் மூடியிருப்பதால் பின்னாலிருந்து கம்பி விட்டுத் துடைக்க முடியாது. வாய்ப்பக்கமிருந்து கம்பியைக் குத்தி வாய் விளிம்பைத் தேய்க்காதீர்கள், இழுக்கும் கயிறு வாங்கிக்கொள்ளுங்கள். 2012-ல் வந்த டேக்டவுன் மாடல் இரண்டாகப் பிரிந்து பைக்குள் போகும், அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு வசதி.

தோட்டாவைப் பற்றி ஒரு வார்த்தை. மொத்தமாக வாளியில் வரும் மலிவுத் தோட்டா ஒன்றை வாங்கி நிறையச் சுட்டேன். பெயர் வேண்டாம். வெடிக்காமல் போனவை அதிகம். இந்த மாதிரி ரிம்ஃபயர் (விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கும்) தோட்டாவில் பற்றவைக்கும் மருந்து விளிம்புக்குள் சுற்றிலும் பரவியிருக்க வேண்டும். ஓரிடத்தில் விட்டுப்போய், ஊசி அங்கேயே அடித்தால் வெடிக்காது. வெடிக்கவில்லை என்றால் குழலை டார்கெட் பக்கமே வைத்துக்கொண்டு அரை நிமிடமாவது காத்திருந்துவிட்டுத்தான் திறக்க வேண்டும். சிசிஐ மினி மேக் கொஞ்சம் விலை கூட. ஆனால் என் துப்பாக்கி அதை ஒருநாளும் மறுத்ததில்லை. தோட்டா ஈயம் என்பதால் சுட்டு முடித்ததும் கையை நன்றாகக் கழுவிவிட்டுத்தான் சாப்பாட்டுப் பொட்டலத்தைத் தொட வேண்டும். பிள்ளைகளோடு போகிறவர்கள் இதை விட்டுவிடாதீர்கள்.

வேறு பிராண்டுகள்? மார்லின் மாடல் 60 அருமையான துப்பாக்கி, பிந்தைய பதிப்புகளில் கடைசித் தோட்டாவுக்குப் பின் போல்ட் திறந்தே நிற்கும். ஆனால் தோட்டாவைக் குழலுக்குக் கீழுள்ள நீளக் குழாயில் முன்பக்கமிருந்து போட வேண்டும், கை வாய்ப்பக்கமே போய் வரும். புதியவருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ரெமிங்டன் திவாலானபோது 2020-ல் மார்லினை ரூகரே வாங்கிவிட்டது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் எம்&பி 15-22, ஏஆர் வடிவம் (ஏஆர்-15 என்ற ராணுவச் சாயல் ரைஃபிளின் தோற்றம்) பிடித்தவர்களுக்குச் சரியானது. போல்ட்டும் திறந்து நிற்கும். உங்கள் மாநிலச் சட்டம் அந்த வடிவத்தை அனுமதிக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். 2019-ல் வந்த வின்செஸ்டர் வைல்ட்கேட் என் கண்ணை இழுக்கிறது. சுமார் நான்கு பவுண்டு எடை. அதன் சொந்த மேகசினில் கடைசித் தோட்டா போனதும் போல்ட் நிற்கிறது. பின்னாலிருக்கும் பொத்தானை அழுத்தினால் உள்பாகம் மொத்தமும் கையோடு வந்துவிடுகிறது, துடைப்பது சுலபம். அதோடு ரூகர் 10/22 மேகசினையும் அது ஏற்றுக்கொள்ளும். நான் இவ்வளவு நேரம் புகழ்ந்த பொருளையே இன்னொரு பிராண்டில் போட்டுச் சுடலாம்.

அதனால் நண்பருக்குச் சொன்னதை மாற்றிக்கொள்கிறேன். தம்பி, வைல்ட்கேட் வாங்குங்கள். மகளுக்கும் சொல்லிக்கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். எடையும் குறைவு, காலியானால் கண்ணுக்கும் தெரியும். பிளாஸ்டிக் அதிகம், மரக்கட்டையின் அழகு வராது, உதிரிபாகக் கடலும் கிடையாது. பரவாயில்லை. நான் என் 10/22-ஐ விற்பேனா என்றால், மாட்டேன். பத்துத் தோட்டாவும் தங்குதடையில்லாமல் போய் ஒரே இடத்தில் விழும்போது அந்த லீவர் எனக்கு மறந்தே போகிறது.

எச்1பி விசாவில் இருக்கும் நண்பர்கள் இதைப் படித்துவிட்டுக் கடைக்குப் போய்விடாதீர்கள். குடியேற்றம் சாராத விசாவில் இருப்பவர் துப்பாக்கி வாங்கவோ வைத்திருக்கவோ மத்தியச் சட்டம் தடை விதிக்கிறது. ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விதிவிலக்குகள் மட்டுமே உண்டு. க்ரீன் கார்டு உள்ளவர்களும் துப்பாக்கி வாங்குவதற்கான மத்திய அரசுப் படிவம் 4473-ஐ நிரப்பி, பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் எடுத்துவர முடியும். வாஷிங்டன் மாநிலத்தில் 2018-ல் மக்கள் வாக்களித்து நிறைவேற்றிய ஐ-1639, இந்தச் சின்னப் பாயின்ட் டூ டூவையும் சேர்த்து எல்லாச் செமி ஆட்டோ ரைஃபிளுக்கும் 21 வயதும் பயிற்சிச் சான்றும் கேட்கிறது.

எதை வாங்கினாலும் கூடவே பூட்டுப் பெட்டி ஒன்று, காதுக்கும் கண்ணுக்கும் கவசம், அப்புறம் உபரி மேகசின் குறைந்தது இரண்டும் சேர்த்து வாங்குங்கள். முதல் நாளே தேவைப்படும்.