ஷிமானோ டியோர் எம்6100: ஒழுங்காகப் பொருத்தினால் இதற்கு மேல் செலவு தேவையில்லை

மலை சைக்கிள் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பது, "இதுல என்ன கியர்?" "டியோர்" என்று பதில் வந்ததும் பாதிப் பேர் திருப்தியாகிவிடுகிறார்கள். முதல் சறுக்கல் அங்கேதான். டியோர் என்ற ஒரே பெயரில் ஜப்பானிய நிறுவனமான ஷிமானோ 2020-இல் மூன்று கியர் செட்களைக் கொண்டுவந்தது. எம்4100 என்றால் 10 ஸ்பீடு, எம்5100 என்றால் 11 ஸ்பீடு, எம்6100 என்றால் 12 ஸ்பீடு, அதாவது பின்னால் 12 பல்சக்கரம். இங்கே பேசப்போவது அந்த 12 ஸ்பீடு செட்டைப் பற்றி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். காட்டுப் பாதைகளில் ஓட்டுகிறவருக்கும், கிராஸ் கன்ட்ரி பந்தயத்தில் இப்போதுதான் இறங்குகிறவருக்கும் எம்6100 தாராளமாகப் போதும். எஸ்எல்எக்ஸ், எக்ஸ்டி என்று ஷிமானோவின் விலை கூடிய செட்களுக்கு ஏறும் பணத்தை டயரிலும் ஃபோர்க்கிலும் போட்டால் பாதையில் அதன் பலன் கூடுதலாகத் தெரியும். ஆனால் இது 12 ஸ்பீடு. பல்சக்கரங்கள் நெருக்கமாக உட்கார்ந்திருப்பதால், பொருத்துவதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் காட்டிக்கொடுத்துவிடும். "டியோர் சரியா மாறவே மாட்டேங்குது" என்ற புகார்களில் பெரும்பாலானவை பாகத்தின் மேல் வரவேண்டியவை அல்ல, பொருத்தியவர் மேல் வரவேண்டியவை.

வாங்கும்போது இன்னொன்றைக் கவனியுங்கள். விவரப் பட்டியலில் "டியோர் 12 ஸ்பீடு" என்று போட்டிருந்தாலும் பல சைக்கிள்களில் பின் டீரெய்லர் (செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்கு நகர்த்தும் பாகம்) மட்டும்தான் டியோராக இருக்கும். கேசட் (பின் சக்கரத்துப் பல்சக்கர அடுக்கு), செயின், கிராங்க் (பெடல் மாட்டும் கை) எல்லாம் வேறு கம்பெனியுடையவை. கிராங்க் எதுவாக இருந்தாலும் பெரிய நஷ்டமில்லை. கேசட்டும் செயினும் அப்படியில்லை. ஷிமானோவின் ஹைப்பர்கிளைடு பிளஸ் வடிவத்தில் கேசட்டின் பற்களும் செயினின் உள் தகடுகளும் ஒன்றுக்கொன்று என்றே செய்யப்பட்டவை. ஏற்றத்தில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டிருக்கும்போது, காலை லேசாக்காமலேயே சின்ன பல்லுக்குத் தட்டிப் பாருங்கள். பழைய செட்களில் "டங்" என்று ஓர் அதிர்ச்சி பாதத்தில் ஏறும். இதில் செயின் சறுக்கிக்கொண்டு இறங்கும், மெல்லிய "டிக்" சத்தம் மட்டும் கேட்கும். வேறு செயின் போட்டால் அந்தச் சுகத்தில் ஒரு பங்கு போய்விடும்.

கேசட் 10-51, அதாவது மிகச் சிறிய சக்கரத்தில் 10 பல், மிகப் பெரியதில் 51. பற்களின் வரிசை 10, 12, 14, 16, 18, 21, 24, 28, 33, 39, 45, 51. இதில் கடைசி மூன்றைப் பாருங்கள். 39-இலிருந்து 45-க்கு 15%, 45-இலிருந்து 51-க்கு 13% தாவல். போட்டி நிறுவனமான ஸ்ராமின் முந்தைய 10-52 ஈகிள் கேசட்டில் 42-இலிருந்து நேராக 52-க்குப் போகிறது, அது 24% தாவல். செங்குத்தில் கடைசி கியருக்கு மாறியதும் கால் திடீரென்று காற்றில் சுழல்வதுபோல் இருப்பது இதனால்தான். சீரான கதியில் ஏற வேண்டியவருக்கு ஷிமானோவின் வரிசையே இணக்கமானது.

முன்னால் 32 பல் போட்டு, 29 அங்குல சக்கரமும் 2.3 அங்குல டயரும் இருந்தால், கடைசி கியரில் பெடல் ஒரு சுற்றுக்குச் சைக்கிள் சுமார் 1.44 மீட்டர் நகரும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் மணிக்கு 5.2 கி.மீ. 30 பல் போட்டால் அதுவே 4.9 ஆகும். வேர்களும் கற்களும் நிறைந்த ஏற்றத்தில் இந்தச் சின்ன வித்தியாசம்தான் இறங்கித் தள்ளுவதா, உட்கார்ந்தே ஏறுவதா என்பதை முடிவு செய்கிறது. டிரெயிலுக்கு (காட்டுப் பாதைக்கு) 30, பந்தயத்துக்கு 32, கால் வலுவுள்ளவர்களுக்கு 34.

எடைதான் இதன் பலவீனம், அதுவும் கேசட்டில்தான் குவிந்திருக்கிறது. டியோர் கேசட் 593 கிராம். எஸ்எல்எக்ஸ் 534, எக்ஸ்டி 470, எக்ஸ்டிஆர் 367. ஆனால் இந்த எடைக்கு ஒரு கைம்மாறு உண்டு: டியோரில் 51 பல் சக்கரமும் எஃகு. மேல் வரிசைகளில் அது அலுமினியம். ஏற்றங்களில் எப்போதும் 51-லேயே குடியிருக்கிறவர் அலுமினியப் பற்களைச் சீக்கிரம் தேய்த்துவிடுவார். டிரெயிலுக்கு மட்டும் ஓட்டுகிறவர் எஃகையே வைத்துக்கொள்ளட்டும்.

அடுத்தது பழைய சைக்கிளை மேம்படுத்த நினைப்பவர்கள் விழும் குழி. 10 பல் சக்கரம் பழைய எச்ஜி வகை ஃப்ரீஹப்பில் (பின் ஹப்பில் கேசட் ஏறி உட்காரும் உருளை) ஏறாது. மைக்ரோ ஸ்ப்லைன் ஃப்ரீஹப் வேண்டும். உங்கள் ஹப்புக்கு அந்த ஃப்ரீஹப் தனியாகக் கிடைக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள். கிடைக்காவிட்டால் புது ஹப், அதாவது சக்கரத்தையே திரும்பக் கட்டும் செலவு. அந்த நிலையில் எச்ஜி ஹப்பிலேயே ஏறும் 11 ஸ்பீடு எம்5100-ஐ 11-51 கேசட்டோடு போடுவதுதான் புத்திசாலித்தனம். ஏறும் கியர் அதேதான், இறக்கத்தில் மட்டும் கொஞ்சம் வேகம் குறையும்.

இனி பொருத்துவது. டீரெய்லரைத் தொடும் முன் ஹேங்கரை, அதாவது டீரெய்லரை ஃபிரேமோடு பிடிக்கும் சின்ன உலோகத் துண்டைப் பாருங்கள். புது சைக்கிளாக இருந்தாலும் பெட்டியில் வரும் வழியில் ஹேங்கர் வளைந்திருக்கலாம். ஹேங்கர் அளக்கும் கருவியை மாட்டி, ரிம்மின் மேல், கீழ், முன், பின் என நான்கு இடங்களில் இடைவெளியை அளக்க வேண்டும். வித்தியாசம் 3 மி.மீ.க்கு மேல் இருந்தால் நிமிர்த்துங்கள். வளைந்த ஹேங்கரோடு எத்தனை மணி நேரம் ஸ்க்ரூவைத் திருகினாலும், மேல் பாதி கியர் சரியானால் கீழ் பாதி கெடும். இறுக்கும் அளவு: டீரெய்லர் போல்ட்டுக்கு 8 முதல் 10 நியூட்டன் மீட்டர், கேபிள் பிடிக்கும் போல்ட்டுக்கு 6 முதல் 7, கேசட் லாக்ரிங்குக்கு 40.

கேபிள் உறையை நசுக்காமல் நேராக வெட்டி, உள்குழாயின் வாயை ஊசியால் திறந்துவிட வேண்டும். ஹேண்டில்பாரை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினாலும் உறை இழுபடக்கூடாது. பின்னால் கோளாறு வந்தால் கண்டுபிடிக்க ஒரு சுலபமான கணக்கு: பெரிய பல்லுக்கு ஏற மறுத்தால் கேபிள் தளர்ந்திருக்கிறது, பீப்பாய்த் திருகை (கேபிளின் இழுப்பைக் கூட்டிக் குறைப்பது) இடப்பக்கமாகக் கால் சுற்று வீதம் திறந்து பாருங்கள். சின்ன பல்லுக்கு இறங்கத் தாமதித்தால் பெரும்பாலும் கேபிள் உறையில் உராய்கிறது. கீழே இறங்கும்போது வேலை செய்வது டீரெய்லரின் ஸ்பிரிங் மட்டும்தான், உராய்வை அதனால் வெல்ல முடியாது. செம்மண் சேற்றில் ஓட்டுகிறவர்களுக்கு மழைக்காலம் முடிந்ததும் இந்தக் கோளாறு நிச்சயம் வரும். கேபிளையும் உறையையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள்.

பி-டென்ஷன் ஸ்க்ரூவைத்தான் அதிகம் பேர் கெடுக்கிறார்கள். டீரெய்லரின் மேல் உருளைக்கும் 51 பல்லுக்கும் உள்ள இடைவெளியை அது தீர்மானிக்கிறது. செயினை 51-க்கு ஏற்றி, சைக்கிளின் பின்னால் குனிந்து பார்த்தால் டீரெய்லர் கூண்டின் உள் தகட்டில் ஒரு கோடு தெரியும். 51-இன் பல் நுனி அந்தக் கோட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். நெருங்கினால் "கரகர" என்று உரசும், தள்ளிப்போனால் 10, 12, 14 பகுதியில் கியர் சோம்பலாக மாறும்.

பின் சஸ்பென்ஷன் உள்ள சைக்கிளில் இதை ஸ்டாண்டில் தொங்கவிட்டு அளக்கக்கூடாது. ஆள் ஏறி உட்கார்ந்ததும் பின் சக்கரம் மேலே வரும், செயின் இழுபடும், இடைவெளி மாறிவிடும். அதனால் முதலில் சேக், அதாவது ஆள் உட்காரும்போது சஸ்பென்ஷன் அமுங்கும் அளவு, சரிசெய்ய வேண்டும். ஷூ, தண்ணீர், பை எல்லாவற்றோடும் ஏறி உட்கார்ந்து, ஷாக்கிலுள்ள ரப்பர் வளையத்தை மேலே தள்ளிவிட்டு, குலுக்காமல் இறங்கி அளந்து பாருங்கள். ஷாக்கின் மொத்த ஓட்டம் 45 மி.மீ. என்றால் டிரெயிலுக்கு 25 முதல் 30%, அதாவது 11 முதல் 13.5 மி.மீ. பந்தயத்துக்கு 20%, 9 மி.மீ. அதன்பின் ஒருவர் உட்கார்ந்திருக்க இன்னொருவர் பின்னால் நின்று அந்தக் கோட்டைப் பார்த்துத் திருக வேண்டும். தனியாக இதைச் செய்ய முடியாது. சைக்கிள் வாங்கும் கடையில் இந்த ஒன்றைக் கேட்டுச் செய்யவைத்தால், அந்தக் கடையின் தரமும் தெரிந்துவிடும்.

செயினுக்கு முகம் உண்டு. ஷிமானோ என்று எழுத்துப் பதித்த பக்கம் வெளியே தெரிய வேண்டும். திருப்பி மாட்டினாலும் ஓடும், ஆனால் கியர் மாற்றம் கெடும். நீளத்தைப் பார்க்க: 51-இல் இருக்கும்போது டீரெய்லர் கூண்டு முன்னோக்கிச் சாய்ந்திருக்கலாம், விறைத்து நேராக நிற்கக்கூடாது. 10-இல் இருக்கும்போது செயின் தன்மீதே உரசக்கூடாது. பின் சஸ்பென்ஷன் என்றால் ஷாக்கின் காற்றை இறக்கி, சக்கரத்தை முழுதாக அமுக்கி இந்த முதல் சோதனையைச் செய்யுங்கள். செயின் குட்டையாக இருந்து ஒரு பெரிய குதியில் சஸ்பென்ஷன் முழுதாக அமுங்கினால், டீரெய்லரும் ஹேங்கரும் ஒரே நொடியில் பிய்ந்து போகும்.

கிராங்கில் செயின் லைன் (ஃபிரேமின் நடுக்கோட்டிலிருந்து முன் பல்சக்கரம் வரையிலான தூரம்) 52 மி.மீ., 55 மி.மீ. என வெவ்வேறு வகைகளில் வருகிறது. ஃபிரேமில் இடம் இருந்தால் 52-ஐயே எடுங்கள். 55-இல் செயின் 51 பல்லுக்கு அதிகமாகச் சாய்ந்து போவதால், நின்ற இடத்தில் பெடலைப் பின்னால் சுற்றினாலே செயின் இறங்கக்கூடும். இடது கிராங்கை மாட்டும்போது பிளாஸ்டிக் மூடியை விரலால் இறுக்குவதுபோல் இறுக்கினால் போதும், 0.7 முதல் 1.5 நியூட்டன் மீட்டர்தான். இரண்டு போல்ட்களையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 வரை கொண்டுபோங்கள். மூடியை முறுக்கித் தள்ளுகிறவர்களின் பேரிங் சீக்கிரம் அரைபடும்.

பிரேக்கில் இரண்டு பிஸ்டன் எம்6100-உம் நான்கு பிஸ்டன் எம்6120-உம் இருக்கின்றன. பந்தயத்துக்கு முன்னது. நீண்ட இறக்கங்களுக்கு, குறிப்பாக 75 கிலோவுக்கு மேல் எடையுள்ளவர்களுக்குப் பின்னது, அதோடு 180 மி.மீ. அல்லது 203 மி.மீ. டிஸ்க். டிஸ்க்கில் "ரெசின் பேடு மட்டும்" என்று ஆங்கிலத்தில் பொறித்திருந்தால் மெட்டல் பேடு போடாதீர்கள், டிஸ்க்கைத் தின்றுவிடும். புது டிஸ்க் 1.8 மி.மீ., 1.5-க்கு வந்தால் மாற்ற வேண்டும். பேடு 0.5 மி.மீ. ஆனால் மாற்ற வேண்டும். புது பேடைப் போட்டதும் மிதமான வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரத்தைப் பூட்டாமல் 20 முறை குறைத்துப் பழக்குங்கள். அதைச் செய்யாமல் முதல் இறக்கத்திலேயே அழுத்துவதால்தான் பேடு மினுமினுத்துக் கத்துகிறது.

குறை என்று சொன்னால், சின்ன பல்லுக்கு இறக்கும் லீவர் ஒரு தட்டுக்கு ஒரு கியர்தான் இறக்கும். எக்ஸ்டியில் இரண்டு. பந்தயத்தில் ஏற்றம் முடிந்து திடீரென இறக்கம் தொடங்கும் இடங்களில் இது கையைக் களைப்பாக்கும். 2023 அக்டோபரில் கேரளத்துப் பொன்முடியில் ஆசிய மலை சைக்கிள் போட்டி நடந்த பிறகு நம் பக்கத்திலும் கிராஸ் கன்ட்ரி ஆசை கூடியிருக்கிறது. அப்படி இறங்குகிறவர் முழு செட்டையும் மாற்ற வேண்டாம். எக்ஸ்டி ஷிஃப்டரும் எக்ஸ்டி கேசட்டும் மட்டும் மாற்றினால் போதும், டியோர் டீரெய்லரோடும் செயினோடும் அப்படியே பொருந்தும். கேசட்டில் மட்டும் 123 கிராம் குறையும்.

செயின் அளவுகோல் 0.5% தேய்மானம் காட்டியதும் செயினை மாற்றிவிடுங்கள், கேசட் தப்பிக்கும். சக்கரத்தைக் கழற்றும்போது டீரெய்லரின் கிளட்ச் லீவரை (செயின் குலுங்காமல் பிடிப்பது) ஆஃப் செய்தால், மாட்டியதும் மறக்காமல் ஆன் செய்யுங்கள். போட்டிக்குப் போகும் பையில் உங்கள் ஃபிரேமுக்கான ஹேங்கர் ஒன்றும், 12 ஸ்பீடு குவிக்லிங்க் (அறுந்த செயினை இணைக்கும் கண்ணி) இரண்டும் இருக்கட்டும். ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் வேறு வேறு. பந்தய இடத்தில் பக்கத்து வீரரிடம் கடன் கேட்டால் பெரும்பாலும் பொருந்தாது.