அடிபட்ட மின்சாரக் கார், ஹைப்ரிட் கார்: கம்பெனி பாடிஷாப்பா, உள்ளூர் டிங்கரிங் பட்டறையா?

பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம், கொழிஞ்சாம்பாறை பக்கம் மின்சாரக் கார் வைத்திருப்பவர்களுக்கு வண்டி அடிபட்டதும் எழும் கேள்வி இதுதான். நல்ல டிங்கரிங் பட்டறைகள் பக்கத்திலேயே இருக்கின்றன. கம்பெனி பாடிஷாப் என்றால் கோவைக்கோ பாலக்காட்டுக்கோ போக வேண்டும். ஆரஞ்சு நிற கேபிள் (ஹை வோல்டேஜ் மின்சாரம் போகும் வயர்) ஓடும் காராக இருந்தால் நான் கம்பெனி பாடிஷாப்பைத்தான் தேர்ந்தெடுத்தேன், மற்றவர்களுக்கும் அதையேதான் சொல்வேன். கூலியும் பெயிண்ட் பளபளப்பும் இதில் கணக்கே இல்லை. இன்சுலேஷன், அதாவது மின்சாரம் பாடிக்குக் கசியாமல் தடுக்கும் காப்பு, ஒன்றுதான் காரணம்.

முதலில் பட்டறையின் பக்கம். பம்பர் கீறல், கதவு டெண்ட், ஃபெண்டர் நசுங்கல் போன்ற வேலைகளுக்குப் பட்டறையே மேல். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். கம்பெனியில் பேனலையே மாற்றச் சொல்லும் இடத்தில் இங்கே தட்டி நிமிர்த்திவிடுவார்கள். எர்டிகா போன்ற வண்டிகளில் வரும் ‘ஸ்மார்ட் ஹைப்ரிட்’ 12 வோல்ட் அமைப்புதான். அதைப் பெட்ரோல் காராகவே நினைத்துக்கொண்டு தயங்காமல் பட்டறையில் விடலாம். ஆனால் கிராண்ட் விட்டாரா, ஹைரைடர் ஸ்ட்ராங் ஹைப்ரிட் அப்படியல்ல. பேட்டரி 0.76 கிலோவாட் அவர்தான், ஆனால் 177.6 வோல்ட். டிக்கிப் பக்கம் இருப்பதால் பின்னாலிருந்து லாரி இடித்தால் முதலில் அடிவாங்குவது அதுதான். சின்ன பேட்டரிதானே என்று கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. நெக்ஸான் போன்ற முழு மின்சாரக் கார்களில் பேட்டரி தரைக்கு அடியில் இருக்கிறது, வோல்டேஜ் 300-க்கும் மேல்.

இப்படிப்பட்ட வண்டியில் ஸ்பேனர் எடுப்பதற்கு முன்பே ஒரு வரிசை உண்டு. வண்டியை ஆஃப் செய்து, ஸ்மார்ட் கீயைத் தூரமாக வைக்க வேண்டும். 12 வோல்ட் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்ற வேண்டும். 1000 வோல்ட் தாங்கும் ‘கிளாஸ் 0’ ரப்பர் கையுறை போட்டு, பெரிய பேட்டரியின் இணைப்பைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவி, அதை வேறு யாரும் திரும்பச் சொருகிவிடாதபடி பூட்டி வைக்க வேண்டும். இன்வெர்ட்டரில் மின்சாரத்தைத் தேக்கி வைத்திருக்கும் கெப்பாசிட்டர் வடிய 10 நிமிடம் காத்திருந்து, 1000 வோல்ட் ரேட்டிங் உள்ள மீட்டரில் பூஜ்யம் காட்டுகிறதா என்று பார்த்த பிறகே வேலை. கையுறையையும் ஒவ்வொரு முறையும் வாய்ப்பக்கமிருந்து சுருட்டிக் காற்றை உள்ளே அடைத்து, விரல் நுனியில் எங்காவது கசிகிறதா என்று பார்த்துத்தான் போட வேண்டும். ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் அந்தக் கையுறை பயன்படாது. பட்டறையில் இதைக் கற்றுக்கொள்ள முடியாது என்றில்லை. கற்றுக்கொண்டு, கருவிகளும் வாங்கி வைத்திருக்கும் பட்டறை இந்தப் பக்கம் குறைவு.

வேலை முடிந்தபின் செய்ய வேண்டிய சோதனையில்தான் இரண்டு இடத்துக்கும் பெரிய வித்தியாசம். ஹை வோல்டேஜ் வயரிங்குக்கும் பாடிக்கும் இடையே எவ்வளவு இன்சுலேஷன் இருக்கிறது என்று மெகர் (இன்சுலேஷன் அளக்கும் மீட்டர்) வைத்து அளக்க வேண்டும். நேர் மின்சாரமும் (டிசி) மாறு மின்சாரமும் சேர்ந்த சர்க்கியூட்டுக்கு வோல்ட்டுக்கு 500 ஓம் என்பது குறைந்தபட்ச அளவு. 350 வோல்ட் பேட்டரி என்றால் 1,75,000 ஓம். நல்ல நிலையில் உள்ள வண்டி மெகா ஓம் கணக்கில் காட்டும். விளிம்பில் தொங்கும் அளவு வந்தால் எங்கோ கேபிள் உறை நசுங்கியிருக்கிறது, கனெக்டரில் ஈரம் இறங்கியிருக்கிறது, அல்லது குளிரூட்டும் ஏசியில் தவறான எண்ணெய் போயிருக்கிறது என்று அர்த்தம்.

அந்த எண்ணெய் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முன்பக்கம் மோதினால் ஏசி கண்டன்சர் போகும், மாற்றிவிட்டு கேஸ் நிரப்புவார்கள். சாதாரணக் காரின் ஏசி கம்ப்ரஸரில் பெரும்பாலும் பிஏஜி என்ற வகை எண்ணெய். மின்சார கம்ப்ரஸரில் மோட்டார் வைண்டிங் அந்த எண்ணெயிலேயே நனைந்து ஓடுவதால் மின்சாரம் கடத்தாத பிஓஇ வகைதான் ஊற்ற வேண்டும். ஊரில் எல்லாக் காருக்கும் பயன்படுத்தும் கேஸ் மெஷினின் ஹோஸில் ஒட்டியிருக்கும் பிஏஜி மிச்சமே கலந்தாலும் இன்சுலேஷன் விழும். வண்டி அன்றைக்கு ஓடும், ஏசியும் குளிரும். பிறகு ஒருநாள் வார்னிங் விளக்கு எரிந்து வண்டி ஸ்டார்ட் ஆகாது. கம்ப்ரஸரோடு சேர்த்து பைப் எல்லாவற்றையும் மாற்றும் செலவு அப்போது வரும். எந்தப் பட்டறையில் விட்டாலும் “மின்சார கம்ப்ரஸருக்குத் தனி மெஷின் இருக்கிறதா?” என்று கேட்டுவிடுங்கள்.

அடிப்பக்கமும் அப்படித்தான். தென்னந்தோப்புத் தடத்தில் கல் தட்டி பேட்டரி பெட்டி நசுங்கினால் வெளியே ஒன்றும் தெரியாது. பெட்டியைத் தட்டி நிமிர்த்துவதும் அதன் மேல் வெல்டிங் வைப்பதும் கூடவே கூடாது. எவ்வளவு ஆழ டெண்ட் வரை விடலாம் என்பது மாடலுக்கு மாடல் மாறும், அது கம்பெனி மேனுவலில் இருக்கும். சீல் விட்டுப்போயிருந்தால் தென்மேற்குப் பருவமழை வரும்போது தண்ணீர் இறங்கும். அப்போது பழைய அடியை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள். பெயிண்ட் பூத்திலும் கவனம் தேவை. பெயிண்ட் காய வைக்கும் சூட்டுக்கும் நேரத்துக்கும் மேனுவலில் வரம்பு உண்டு. அதைத் தாண்ட வேண்டியிருந்தால் பேட்டரியை இறக்கிவிட்டுத்தான் காய வைக்க வேண்டும்.

கம்பெனி பாடிஷாப்பிடமும் குறை உண்டு. பெட்டியில் கீறல் விழுந்தாலே ‘முழு பேக் மாற்று’ என்று எஸ்டிமேட் போடுவார்கள். பழுதுச் செலவு ஐடிவியில் (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி டோட்டல் லாஸ் கணக்கில் போய்விடும். ஆகவே கீழ்மூடியை மட்டுமோ மாடுலை (பேக்கின் உள்ளே இருக்கும் செல் தொகுதி) மட்டுமோ மாற்ற முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். மாடுல் மட்டும் மாற்றிப் பல வருடம் ஓடிய வண்டிகள் இங்கே அதிகம் இல்லை, அதனால் அதன் ஆயுளைப் பற்றி அடித்துச் சொல்ல மாட்டேன். சாதாரண பாலிசியில் ‘பேட்டரி’க்கு 50 சதவீதத் தேய்மானம் பிடிப்பார்கள். தேய்மானம் பிடிக்காத ‘ஜீரோ டெப்’ எடுத்திருந்தாலும் வண்டியை ஓட்டும் பெரிய பேட்டரி அதில் அடங்குமா என்று இன்சூரன்ஸ் கம்பெனியிடம் மெயிலில் பதில் வாங்கி வையுங்கள். முத்திரை உடைக்கப்பட்ட பேக்குக்கு வாரண்டி கேட்டு வாதாடுவது கடினம். பட்டறையில் மிச்சம் பிடித்த கூலி அந்த ஒரு இடத்திலேயே போய்விடும்.

இரண்டுக்கும் நடுவே ஒரு வழியும் இருக்கிறது. கம்பெனியில் ஹை வோல்டேஜ் சோதனையும் ஏசி வேலையும் முடித்து, மெகர் அளவு எழுதிய சீட்டை வாங்கிக்கொண்டு, வெளிப் பேனலையும் பெயிண்டையும் மட்டும் உள்ளூரில் செய்யலாம். க்ளெய்ம் இல்லாமல் கைக்காசு போடுபவர்களுக்கு இது ஒத்துவரும். ரேடார் உள்ள பம்பர் என்றால் அதன் மேல் பட்டி பூசக் கூடாது, ரேடாரின் பார்வை கெட்டுவிடும்.

எங்கே அனுப்பினாலும் முன்சக்கரத்தில் மோட்டார் உள்ள வண்டியை, முன்சக்கரம் தரையில் உருள, கிரேன் கொக்கியில் பின்பக்கத்தைத் தூக்கி இழுக்க விடாதீர்கள். சக்கரம் சுழலும்போது மோட்டார் மின்சாரம் உண்டாக்கும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் ஃப்ளாட்பெட் கேளுங்கள். பேட்டரி அடிபட்ட சந்தேகம் இருந்தால் வண்டியைக் கட்டிடத்திலிருந்தும் மற்ற வண்டிகளிலிருந்தும் 15 மீட்டர் தள்ளித் திறந்த வெளியில் நிறுத்தச் சொல்லுங்கள். தீ அன்றைக்கே பிடிக்க வேண்டும் என்றில்லை, சில நாள் கழித்தும் பிடிக்கும்.