பதின்மூன்று சிசி வித்தியாசமும் போடிமெட்டுச் சாலையும்

கவாசாகி நின்ஜா 650 பைக்கின் எஞ்சின் 649 சிசி (சிசி என்பது சிலிண்டர்களின் மொத்தக் கொள்ளளவு). அதே நிறுவனத்தின் நின்ஜா இசட்எக்ஸ்-6ஆர் எஞ்சினோ 636 சிசி. அளவை மட்டும் பார்த்தால் முதல் வண்டியே 13 சிசி பெரியது. ஆனால் அதன் உச்சத் திறன் 68 குதிரைத்திறன், இரண்டாவதின் திறன் 120-ஐத் தாண்டுகிறது. பெரிய ஸ்போர்ட்ஸ் பைக் வாங்க நினைப்பவர்கள் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" என்பதைத்தான். அந்தக் கேள்விக்குக் கிடைக்கும் பதில் எவ்வளவு குறைவாகச் சொல்கிறது என்பதற்கு இந்த இரண்டு வண்டிகளே சான்று. மதுரையில் நின்ஜா 650-ஐ 21,000 கிலோமீட்டர் ஓட்டியவன் என்ற முறையிலும், நண்பர்கள், உறவினர்களின் பெரிய வண்டிகளை இதே சாலைகளில் ஓட்டிப் பார்த்தவன் என்ற முறையிலும் இதை எழுதுகிறேன்.

வித்தியாசம் சிலிண்டரின் வடிவத்தில் இருக்கிறது. நின்ஜா 650-இல் இரண்டு சிலிண்டர்கள். ஒவ்வொன்றின் விட்டமும் 83 மில்லிமீட்டர், பிஸ்டன் மேலும் கீழும் போய்வரும் தூரம் 60 மில்லிமீட்டர். இசட்எக்ஸ்-6ஆரில் நான்கு சிலிண்டர்கள். விட்டம் 67, பிஸ்டன் நகரும் தூரம் 45.1 மட்டுமே. குறைந்த தூரம் நகரும் சிறிய, எடை குறைந்த பிஸ்டனை மிக வேகமாக ஓட்ட முடியும் என்பதால் அந்த எஞ்சின் நிமிடத்துக்குப் பதின்மூன்றாயிரம் சுற்றுகளில் தன் உச்சத் திறனை எட்டுகிறது. நின்ஜா 650 எட்டாயிரம் சுற்றிலேயே எட்டிவிடுகிறது. முறுக்குவிசையில், அதாவது வண்டியை இழுக்கும் சுழல் விசையில், பெரிய இடைவெளி கிடையாது: இதில் 64 நியூட்டன் மீட்டர், அதில் 69. ஆனால் இதில் அது 6,700 சுற்றில் கைக்கு வருகிறது, அதில் பதினோராயிரத்தை நெருங்கினால்தான் வருகிறது. (600 சிசி வகை வண்டிகள் பெரும்பாலும் 599 சிசியில் நின்றதற்குக் காரணம் பந்தய விதி. கவாசாகி சாலை ஓட்டத்துக்காக 37 சிசி கூட்டியது, அதற்காகவே பிஸ்டனின் தூரத்தையும் நீட்டியது. அந்த முடிவை நான் மதிக்கிறேன்.)

இந்த எண்கள் மதுரையில் எப்படி உணரப்படுகின்றன என்பதே முக்கியம். தினமும் கப்பலூர் சிட்கோ தொழிற்பேட்டைக்குப் போய்வருகிறேன். காளவாசல் சிக்னலிலும் பழங்காநத்தத்திலும் வண்டி மூவாயிரம் சுற்றைத் தாண்டுவதே அரிது. அந்த நிலையில் நின்ஜா 650 எவ்விதத் தயக்கமும் இல்லாமல் இழுக்கிறது, க்ளட்சைப் பாதி பிடித்தபடியே ஊர வேண்டிய தேவை இல்லை. நான்கு சிலிண்டர் 600 வகை வண்டியில் இதே சாலையில் போனால் அதன் திறனில் பாதியைக்கூடத் தொடாமல் வீடு திரும்புவோம். அதன் இயல்பே அது. அது பந்தயத் தடத்துக்காகப் பிறந்த எஞ்சின்.

மாதத்துக்கு ஒருமுறை உசிலம்பட்டி, ஆண்டிபட்டி கணவாய், தேனி வழியாகப் போடிமெட்டுக்கு ஏறுவேன். அங்குள்ள பதினேழு கொண்டை ஊசி வளைவுகளைவிடச் சிறந்த தேர்வு மையத்தை இந்தப் பக்கத்தில் நான் கண்டதில்லை. வளைவுக்குள் வேகம் இருபதுக்குக் கீழே இறங்கிவிடும். எதிரே கேரளப் பதிவு எண் கொண்ட ஜீப்பு வரும். வெளியேறும்போது சாலை செங்குத்தாக ஏறும். நின்ஜா 650-இல் இரண்டாம் கியரை மாற்றாமலேயே ஆக்சிலரேட்டரை மெதுவாகத் திருகினால் போதும், வண்டி சீராக மேலேறும். நண்பரின் 636-இல் (இசட்எக்ஸ்-6ஆர்) ஒவ்வொரு வளைவிலும் முதல் கியருக்கு இறங்கி எஞ்சினைச் சுழற்றிக்கொண்டே இருந்தேன். அதன் ஒலியும் ஓட்டமும் பேரின்பம். ஆனால் மேலே டீக்கடையில் நிறுத்தியபோது கைகளும் இடுப்பும் களைத்திருந்தன. கைப்பிடி தாழ்வாக இருப்பதால் உடலின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்குகிறது.

ஆயிரம் சிசி வகைக்கு வருகிறேன். இசட்எக்ஸ்-10ஆர் போன்ற 998 சிசி வண்டியின் எடை 207 கிலோ, என் வண்டியைவிடப் பதினொரு கிலோதான் அதிகம். திறனோ 200 குதிரைத்திறனுக்கு மேல். எனவே பயப்பட வேண்டியது எடையைப் பற்றி அல்ல. இத்தகைய வண்டிகளின் முதல் கியரே மிக நீளமானது. நான்குவழிச் சாலையில் இருசக்கர வாகனத்துக்கு அனுமதிக்கப்பட்ட மணிக்கு 80 கிலோமீட்டரை இரண்டாம் கியருக்கே போகாமல் தாண்டிவிடலாம். உறவினர் ஒருவரின் ஆயிரம் சிசி வண்டியைச் சித்திரை வெயிலில் கோரிப்பாளையத்திலிருந்து ஏ.வி. பாலத்தைக் கடந்து சிம்மக்கல் வரை ஓட்டினேன். ரேடியேட்டர் ஃபேன் நிற்கவே இல்லை, தொடைகள் இரண்டும் சுட்டன. வண்டியில் பழுது எதுவும் இல்லை. அவ்வளவு திறனுள்ள எஞ்சின் நெரிசலில் ஊரும்போது, வெப்பத்தை எடுத்துச் செல்லக் காற்று கிடைப்பதில்லை.

வியப்பு என்னவென்றால், அளவில் இன்னும் பெரிய சுசுகி ஹயபூசா நம் சாலைகளுக்கு 636, ஆயிரம் சிசி இரண்டையும்விட இசைவாக நடந்துகொள்கிறது. 1340 சிசி எஞ்சின் தன் உச்ச முறுக்குவிசையை 7,000 சுற்றிலேயே தருவதால், திருமங்கலத்தைத் தாண்டிய பிறகு திருநெல்வேலி வரை ஆறாம் கியரிலேயே அமைதியாகப் போகலாம்; முந்திச் செல்லக் கியர் இறக்க வேண்டியதில்லை. பின்னிருக்கையில் ஆளும் சுமையும் ஏறினாலும் அது தளர்வதில்லை. அந்த நிலையில் என் 650 நிச்சயமாகத் திணறுகிறது, நூறுக்கு மேல் இரட்டைச் சிலிண்டருக்கே உரிய அதிர்வும் கால் பெடலில் தெரிகிறது. ஆனால் ஹயபூசாவின் எடை 266 கிலோ. குறுகிய தெருவில் அதைத் திருப்பி நிறுத்துவது தனி உழைப்பு.

செலவையும் சொல்லிவிட வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குகளுக்கும் 40 சதவீத ஜிஎஸ்டி. எனவே 650 எடுத்தாலும் 1340 எடுத்தாலும் வரி விகிதம் ஒன்றே. வித்தியாசம் பிறகுதான் தெரியும்: என் பின்சக்கர டயரின் அகலம் 160 மில்லிமீட்டர், ஆயிரம் சிசி வண்டிகளில் 190. அந்த வகை டயர் விலை கூடுதல், தேய்வதும் விரைவு. அமுக்க விகிதம் (பெட்ரோல்-காற்றுக் கலவையை எஞ்சின் எத்தனை மடங்கு அழுத்துகிறது என்பது) 10.8 உள்ள என் எஞ்சின் சாதாரணப் பெட்ரோலில் நிம்மதியாக ஓடுகிறது. 13 உள்ள எஞ்சினுக்கு உயர் ஆக்டேன் பெட்ரோல் தேவை, அது கிராமப்புறப் பங்க்குகள் எல்லாவற்றிலும் கிடைப்பதில்லை.

அக்கா மகன் முதன்முதலாகப் பெரிய வண்டி வாங்கப் போகிறான். "மாமா, ஆயிரமே எடுத்துட்டா அப்புறம் மாத்த வேண்டியதில்லையே?" என்று கேட்டான். கோவை கரி மோட்டார் ஸ்பீட்வே பந்தயத் தடத்தில் பயிற்சி எடுக்கும் எண்ணம் உண்மையாகவே இருந்தால் 636-ஐப் பார்க்கலாம், குடும்பத்தோடு நெடுந்தூரம் போவதானால் சில ஆண்டு அனுபவத்துக்குப் பிறகு ஹயபூசாவைப் பார்க்கலாம், வேலைக்கும் போடிமெட்டுக்கும் ஒரே வண்டி வேண்டுமென்றால் 650 இரட்டைச் சிலிண்டர் போதும் என்றேன். எதை எடுப்பதாக இருந்தாலும் சோதனை ஓட்டத்தை அதிகாலை ரிங் ரோட்டில் வைக்காமல், பிற்பகல் இரண்டு மணிக்குக் காளவாசலில் வைத்துக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறேன்.