பழைய ஃபைபர் படகு வாங்கப் போகிறீர்களா? மணலில் பார்த்துப் பணம் கொடுக்காதீர்கள்

நாகை, வேதாரண்யம் பக்கம் பழைய ஃபைபர் படகு தேடிக்கொண்டிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மார்ச் மாதத்தில் தேடுகிறவர்கள் கட்டாயம் படியுங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். அந்த நாட்களில் நம் மாதிரி சின்னப் படகுக்காரர்கள் கொண்டுவரும் மீனுக்கு ஏலத்தில் நல்ல விலை. அதற்குள் படகு கைக்கு வந்துவிட வேண்டும் என்ற அவசரம் நமக்கு இருப்பது விற்கிறவர்களுக்கும் தெரியும். நானும் மச்சானும் அந்த அவசரத்தில்தான் மாட்டினோம்.

தரகர் ஒருவர் கூட்டிப்போய்க் காட்டினார். 30 அடிப் படகு, நீளத் தண்டின் முனையில் விசிறி இருக்கிற நீள வால் டீசல் எஞ்சின். உள்ளும் புறமும் புது நீலப் பெயின்ட். "எட்டு வருஷப் படகுதான் தம்பி, அண்ணன் வெளிநாடு போயிட்டாரு, அதான் குடுக்கிறோம்" என்றார் விற்றவர். விலை 1,35,000 ரூபாய். புதிதாக எஞ்சினோடு இறக்க நம்மால் முடியாது என்பதால் அது எங்களுக்குப் பெரிய வாய்ப்பாகத் தெரிந்தது.

எஞ்சின் ஒரே இழுப்பில் பிடித்துக்கொண்டது. தொட்டுப் பார்த்த மச்சான், "சூடா இருக்கே" என்றார். காலையில் தொழிலுக்குப் போய்வந்ததாகச் சொன்னார்கள். ஆனால் படகுக்குள் ஒரு மீன் செதில்கூட இல்லை. நாங்கள் வருவதற்கு முன்பே ஓட்டிச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். ஆறிய எஞ்சினை நம் கையால் கிளப்பிப் பார்த்தால்தான் அதன் நிலைமை தெரியும்.

அப்புறம் நடந்ததுதான் முக்கியம். அடிப்பக்கம் பார்க்கப் படகைக் கொஞ்சம் திருப்பப் பார்த்தோம். அந்த அளவுப் படகு எட்டுப் பேர் கை வைத்தால் நகரும். பன்னிரண்டு பேர் தள்ளியும் அசைய மறுத்தது. "மணல் ஈரம்" என்றார். நம்பினேன். சின்ன வயதிலிருந்து படகு தள்ளியவன் நான். அந்த இடத்திலேயே திரும்பி வந்திருக்க வேண்டும்.

படகு மிதப்பதற்காக அணியம் என்கிற முன்பக்கத்திலும் தளத்துக்கு அடியிலும் தெர்மாகோலோ ஃபோமோ அடைத்து, மேலே ஃபைபர் போட்டு மூடுவார்கள். படகின் வெளி ஓட்டில் எங்காவது விரிசல் இருந்தால் தண்ணீர் உள்ளே போய்த் தங்கிவிடும். வெளியே பார்த்தால் தெரியாது. எடை மட்டும்தான் காட்டிக்கொடுக்கும்.

படகை வாங்கிய மூன்றாவது வாரம், மச்சான் மகனையும் சேர்த்து மூன்று பேர் போயிருந்தோம். பன்னிரண்டு பாக ஆழத்தில் வலை விட்டிருந்தோம். ராத்திரி சோழகம் என்கிற தென்காற்று எழும்பியது. வலையை ஏற்றியதும் பின்பக்கம் தாழ ஆரம்பித்தது. கரைக்குத் திருப்பி எஞ்சினை முடுக்கியபோது, எஞ்சின் உட்காரும் கட்டையிலிருந்து போல்ட்டுகள் மரத்தோடு பிய்த்துக்கொண்டு வந்தன. ஊறிப்போன ரொட்டி மாதிரி இருந்தது அந்த மரம். எஞ்சின் சாய்ந்து, பிய்ந்த இடம் வழியாகத் தண்ணீர் ஏறியது. வலையைக் கடலிலேயே தள்ளிவிட்டு வாளியால் இறைத்தோம். பையனுக்கு 19 வயது. அவன் அழவில்லை, இறைத்துக்கொண்டே இருந்தான். பக்கத்து ஊர்ப் படகு ஒன்று டார்ச் வெளிச்சம் பார்த்து வந்து, கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தது. அவர்களுக்கு எப்படி நன்றி சொல்வதென்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.

பட்டறையில் பெயின்ட்டைத் தேய்த்தபோது விரிசலை மறைக்கப் பூசுகிற புட்டி விரல் கனத்துக்கு வந்தது. அதற்குக் கீழே அணியத்தை ஒட்டி, ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒட்டுப் போட்ட தடம். "இது கஜாவுல ரெண்டா போன போட்டுண்ணே" என்றார் ஃபைபர் மிஸ்திரி. 2018 நவம்பர் 16 அன்று அந்தப் புயல் எத்தனை படகுகளை உடைத்தது என்று நம் கரையில் எல்லாருக்கும் தெரியும். தளத்தில் ஒரு துளை போட்டார். மறுநாள் காலையிலும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

காகிதமும் பொய். அணியத்தில் எழுதியிருந்த எண்ணும் பதிவுச் சான்றிதழில் இருந்த எண்ணும் ஒன்றுதான். அதனால் நாங்கள் மேற்கொண்டு பார்க்கவில்லை. பெயர் மாற்றத்துக்கு மீன்வளத்துறை அலுவலகம் போனபோதுதான் சான்றிதழில் நீளம் 28 அடி என்று இருப்பதைக் காட்டினார்கள். அது வேறு படகின் சான்றிதழ். அதை வைத்துப் பெயரை மாற்ற முடியாது. பதிவு நம் பெயரில் இல்லையென்றால் வரிவிலக்கு டீசல் கிடையாது, புயலில் போனால் நிவாரணமும் கேட்க முடியாது. ஒரு டேப் கொண்டுபோய் அளந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

ஆகவே, பார்க்கப் போகும்போது ஒரு ஃபைபர் மிஸ்திரியைக் கையோடு கூட்டிப்போங்கள். அவர் சின்னச் சுத்தியலால் ஓடு முழுக்கத் தட்டுவார். நல்ல இடம் கணீரென்று கேட்கும், ஊறிய இடமும் புட்டி வைத்த இடமும் மந்தமாகக் கேட்கும். புதுப் பெயின்ட் என்றால் இரண்டு இடத்தில் சுரண்டச் சொல்லுங்கள். மறுத்தால் வந்துவிடுங்கள். கடலில் இறக்கி, வலையும் ஆளும் ஏற்றி, இரண்டு மணி நேரமாவது ஓட்டிப் பாருங்கள். அலை அதிகம் என்றால் இன்னொரு நாள் போங்கள். முழுப் பணத்தை அலுவலகத்தில் பெயர் மாறிய பிறகுதான் கொடுக்க வேண்டும். முன்பணத்துக்கும் எழுத்து வாங்குங்கள்.

இரண்டு ஊர்ப் பஞ்சாயத்தும் பேசி 40,000 திரும்ப வந்தது. மீதி போனதுதான். போன மாதம் அதே தரகர் வந்து, படகை 30,000 ரூபாய்க்குத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். பெயின்ட் அடித்து வேறு யாருக்காவது விற்கத்தான் கேட்கிறார் என்று புரிந்தது. அந்தப் பணம் எங்களுக்கு உண்மையிலேயே தேவையாக இருந்தது. எஞ்சினை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டு, நானும் மச்சானும் அன்று சாயங்காலமே படகை மூன்று துண்டாக அறுத்துப் போட்டோம்.